டெப்போவுக்குத் திரும்பாத கை

எங்கள் அண்ணியைத் தவளை என்று சொன்ன மனிதர் இன்னும் நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு டெப்போ சாப்பாட்டு ஹாலில் இருந்தவர்கள் யாரும் அதற்கு உத்தரவாதம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் எங்கள் பஸ் டெப்போவின் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்வது அவர் வேலை. குரலில் பாதி வாய் வழியாகவும் பாதி மூக்கு வழியாகவும் வரும். "நாப்பத்தேழு பீ... நாப்பத்தேழு பீ... கெளம்பலாம்" என்று நான் அவரைப் போலச் செய்து காட்டினால் டயர் பிரிவில் வேலை நின்றுவிடும். ஒரு முறை ஜன்னல் திறந்திருந்ததால் நாற்பத்தேழு பி நிஜமாகவே கிளம்பிப் போய்விட்டது.

வேலை நேரம் முடிந்தால் அவரே டெப்போ பாட்டுக் குழுவின் தலைவர். மெக்கானிக், கண்டக்டர், டிக்கெட் கவுண்டர், வண்டி கழுவுகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. மூன்று வரிசையாக நிற்போம். மேல் குரல், நடுக் குரல், எங்களைப் போன்ற கீழ்க் குரல். ஒரே பாட்டை மூன்று வரிசையும் மூன்று விதமாகப் பாடினால் சேர்ந்து கேட்க அழகாக இருக்கும். யாருக்கும் இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். எங்களுக்கு கீபோர்டு வாசித்தது அண்ணி. என் அண்ணனின் மனைவி, அதே டெப்போவில் பஸ் டிரைவர்.

அன்று பாட்டு பாதியில் இருக்கும்போது டைம்கீப்பர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம்.

"ஏம்மா, உன் கை என்ன தவளையா? ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு குதி. நடுவுல நடுவுல பாட்டு அறுந்து விழுது. இன்வர்ஷன்னு ஒண்ணு இருக்கே, கேள்வியாவது பட்டிருக்கியா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. கார்ட் என்றால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கும்போது வரும் ஒலிக்கட்டு என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்வர்ஷன் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாதது சிரிப்பதற்குத் தடையாக இருக்கவில்லை.

அண்ணி சிரிக்கவில்லை. அப்படியென்றால் என்ன என்று நேராகக் கேட்டார். அதெல்லாம் தியரி, ஒரு நாளில் சொல்லித் தருகிற சமாச்சாரம் இல்லை என்று டைம்கீப்பர் கையை உதறினார். உதறிய கையோடு அடுத்த செய்தியையும் போட்டார். புதிய பஸ் நிலையத் திறப்பு விழாவில் நாங்கள் பாடப் போகிறோம். அவருக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் பக்கவாத்தியம் முழுவதையும் பதிவு செய்து பென் டிரைவில் தருவார்.

"விழாவுக்குள்ள உன் கை வழுக்கிட்டுப் போகணும். இல்லேன்னா பென் டிரைவ் வாசிக்கும். நீ கடைசி வரிசையில நின்னு பாடு."

அண்ணியைப் பாடச் சொல்வதும் வீட்டை விட்டுப் போகச் சொல்வதும் ஒன்றுதான். அந்தக் குரல் லாரிக்காரர்களைத் திட்டுவதற்கென்று பழகிய குரல். கீபோர்டு போனால் அண்ணிக்கு அந்தக் குழுவில் நிற்க இடமே இல்லை. இது அவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

ஊழியர் வண்டியில் வீடு திரும்பும்போது அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ சிரிச்சே."

"இல்ல அண்ணி. இருமினேன்."

"பல்லாலயா இருமினே?"

அதற்குப் பிறகு வீடு வருவதற்குள் வண்டி ஓட்டியவருக்கு மூன்று முறை, கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டாதே என்று கிடைத்தது.

அண்ணியின் கோபத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவருடைய அப்பா சரக்கு லாரி ஓட்டியவர். மகன்கள் மூன்று பேரையும் மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுத்திருக்கிறார். மகளை மட்டும் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வாராம். மூன்று மகன்களில் ஒருவரும் டிரைவர் ஆகவில்லை. ஒருவருக்கு வண்டியில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். கண்ணாடி துடைத்த மகள்தான் கனரக வாகன லைசென்ஸ் எடுத்தார். சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலையே எடுக்க மாட்டாராம். அண்ணி தேர்வில் தேறி, கடைசி நாள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியபோதும் கால் அங்கேயே இருந்திருக்கிறது. அண்ணி வண்டியை ஓரம் கட்டி, குனிந்து, அவருடைய செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார். இது கதை இல்லை. அந்தப் பயிற்சியாளர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அண்ணியைக் கண்டால் இன்னும் காலைத்தான் முதலில் பார்த்துக்கொள்கிறார்.

டெப்போவில் சேர்ந்ததும் கியர் விழாத வண்டியாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிப் போன பயணிகளும் உண்டு. அண்ணி யாரையும் கெஞ்சி ஏற்றியதில்லை. கதவை மூடிக் கிளம்பிவிடுவார். அடுத்த வண்டிக்காக அவர்கள் வெயிலில் நிற்பது பக்கக் கண்ணாடியில் தெரியுமாம். அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் அண்ணியின் முகத்தில் வரும் ஒரே சந்தோஷம் அந்தக் கண்ணாடிதான்.

கீபோர்டு வந்ததும் கோபத்தின் வழியாகத்தான். அண்ணி பிறந்த வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனபோது அது காரில் அடங்கவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு படத்தாளும் இருந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூன்று கரும்புள்ளி. அந்தத் தாள்தான் அண்ணிக்குக் குரு. அப்பாவோடு சண்டை போட்ட நாளெல்லாம் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்திருக்கிறார். "அப்பாவை அடிக்க முடியாது. சி மேஜரை அடிக்கலாம்" என்று ஒரு முறை சொன்னார்.

தாளில் இருந்த எல்லா கார்டும் ஒரே உருவம். கட்டைவிரல், ஒரு கட்டை விட்டு நடுவிரல், இன்னொன்று விட்டு சுண்டுவிரல். சி என்றால் சி, ஈ, ஜி. எஃப் என்றால் எஃப், ஏ, சி. ஆக, கையை அந்த உருவத்தில் விறைப்பாக வைத்துக்கொண்டு, எந்த கார்ட் வேண்டுமோ அங்கே தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனையோ வருஷம் அண்ணி அப்படித்தான் வாசித்தார். கை குதித்தது உண்மை. ஆனால் குதிக்காமல் போக வழி இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. தெரிந்த ஒருவர் தெரிந்துகொண்டே தவளை என்றார். எனக்கே கோபம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் இஸ்திரி மேஜை மேல் கீபோர்டை வைத்து, போனில் ஒரு வீடியோவைப் போட்டார். வீடியோக்காரர் இன்வர்ஷன் என்றார், சிரித்தார், மறக்காமல் சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் என்றார், மணியை அமுக்கச் சொன்னார். கையைக் காட்டும் நேரத்தில் கேமரா அவர் முகத்துக்குப் போய்விட்டது. அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தார். "இவன் மூஞ்சியில என்னடா கட்டை இருக்கு?"

இருந்தாலும் விஷயம் பிடிபட்டது. சி, ஈ, ஜி என்ற மூன்று கட்டைகளில் கீழே இருக்கும் சி-யை விட்டுவிட்டு, மேலே இருக்கும் இன்னொரு சி-யை எடுத்துக்கொண்டால் ஈ, ஜி, சி. அதில் கீழே இருக்கும் ஈ-யையும் அப்படியே மேலே அனுப்பினால் ஜி, சி, ஈ. மூன்றும் சி மேஜர்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய மிக்சியையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அண்ணி விளக்கினார். மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து அந்தக் கடைசிக்குப் போய் உட்கார்கிறார். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

"அப்ப எதுக்குங்க எந்திரிக்கணும்?" என்று அண்ணன் கேட்டான். சண்டை வரும் என்று தெரிந்தால் அண்ணன் அண்ணியை வாங்க போங்க என்றுதான் பேசுவான்.

பதில் இல்லாத கேள்வியைக் கேட்ட குற்றத்துக்காக மிக்சி வெளியே வராந்தாவுக்குப் போனது, அண்ணனும் கூடவே போனான்.

இரண்டு வாரம் அப்படியே ஓடியது. அண்ணி சி-யின் மூன்று வடிவத்தையும் ஏறி இறங்கி வாசிப்பார். எஃப்-க்கும் ஜி-க்கும் அப்படியே. தனித்தனியாக எல்லாம் சுத்தம். பாட்டென்று வந்தால் கை பழையபடி குதித்தது. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு டைம்கீப்பராக மாறினேன். அண்ணியின் கை குதிக்கக் குதிக்க அறிவிப்பு கொடுத்தேன். "சீ மேஜர்... டெப்போவிலிருந்து கெளம்பலாம். எஃப் மேஜர்... டெப்போவிலிருந்து கெளம்பலாம். ஜீ மேஜர் வண்டி எங்கய்யா? அதுவும் டெப்போவுக்கே போயிடுச்சா?"

இஸ்திரி மேஜைத் துணி என் முகத்தில் வந்து விழுந்தது. துணியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அண்ணி கட்டைகளையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஸ்டாப்புலேர்ந்து அடுத்த ஸ்டாப்புக்கு டெப்போ வழியா எந்த முட்டாளாவது போவானா?"

"போக மாட்டான் அண்ணி."

"நான் போயிட்டிருக்கேன்டா. ஒவ்வொரு கார்டுக்கும் அந்தத் தாள்ல இருந்த உருவத்துக்கே திரும்பிப் போறேன்."

சி, ஈ, ஜி-யில் கையை வைத்தார். எஃப் வேண்டும். எஃப்-இல் இருப்பது எஃப், ஏ, சி. சி ஏற்கெனவே கட்டைவிரலின் கீழேயே இருக்கிறது. கட்டைவிரலை அங்கேயே விட்டு, மற்ற இரண்டை மட்டும் ஒரு படி மேலே நகர்த்தினார். சி, எஃப், ஏ. கை குதிக்கவே இல்லை. ஒலி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து போனது. திரும்ப சி-க்கு வந்தார். அங்கிருந்து ஜி: சுண்டுவிரல் ஜி-யில் நிற்க, மற்ற இரண்டும் ஒரு படி கீழே இறங்கின. பி, டி, ஜி. அண்ணன் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தான். எதற்கு எழுந்து மாறி உட்கார வேண்டும் என்ற அவனுடைய கேள்விக்கு அதுதான் பதில். அடுத்த ஸ்டாப்பில் இறங்கத் தோதாகக் கதவுப் பக்கம் உட்காருவதற்கு.

அண்ணிக்கு அப்போதாவது மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். கோபம்தான் அதிகமானது. "இவ்வளவுதான். இதைச் சொல்றதுக்கு அந்த மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வண்டி அறிவிப்பு நேரம் ஆகுமா? தியரியாம் தியரி."

அதன் பிறகு கோபத்தாலேயே பயிற்சி நடந்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்த சுட்டுவிரலுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. கீழிருந்து ஒன்றை மேலே அனுப்பிய முதல் வடிவத்தில் நடுக் கட்டைக்கு அதுதான் போக வேண்டும். அது போகாமல் நடுவிரல் முந்திக்கொள்ளும். அண்ணி நடுவிரலைத் திட்டுவார், பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். எந்த கார்டிலிருந்து எந்த கார்டுக்குப் போனாலும் முதலில் ஒரே கேள்வி: இரண்டுக்கும் பொதுவான ஆள் யார்? அந்த விரல் அசையக் கூடாது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் ஸ்டியரிங் மேல் விரல் நடக்கும். முன் சீட்டுப் பயணி ஒருவர், டிரைவருக்குக் கை நடுங்குகிறது என்று புகார் கொடுத்தார். அதற்கு அண்ணி எழுதிக் கொடுத்த விளக்கத்தை மேலாளர் படித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு அண்ணி கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்த தோரணையே வேறு. விழாவுக்கான பாட்டு, வழியெல்லாம் விளக்கெரிய என்று தொடங்கும். எப்போதும் பாட்டுக்கு முன்னால் அண்ணி வலது கையால் மட்டும் மெதுவாக ஒரு சி மேஜர் கொடுப்பார். நாங்கள் அதில் சுருதி பிடித்துக்கொண்டு தொடங்குவோம். அன்று அந்த முதல் கார்டையே புரட்டிப் போட்டுக் கொடுத்தார். ஜி, சி, ஈ. அங்கிருந்து அடுத்த கார்டுக்கு நடு சுரம் அப்படியே நிற்க, மற்ற இரண்டும் ஒரு படி ஏறினால் போதும் என்று கணக்கு. நல்ல கணக்குதான்.

வழியெல்லாம் என்ற முதல் சொல் தேனாக வந்தது. டைம்கீப்பர் கூடத் தலையை ஆட்டினார். விளக்கெரிய என்ற இரண்டாவது சொல்லில் மூன்று வண்டி ஒரே நேரத்தில் பிரேக் பிடித்த மாதிரி ஒரு சத்தம். நாங்களே பயந்து நிறுத்திவிட்டோம். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் முதல் சொல் தேன், இரண்டாவது சொல் விபத்து.

டைம்கீப்பருக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நேற்றுவரை நன்றாகப் பாடியவர்கள் இன்று ஏன் கெட்டார்கள்? அந்தப் பெண் வாசித்ததில் கோளாறு.

"நான் வாசிச்சது அதே மூணு சுரம் சார்" என்றார் அண்ணி.

"அதே மூணு சுரம்னா அதே மாதிரி கேக்கணுமேம்மா. இன்வர்ஷன்னு நான் ஒரு வார்த்தை சொன்னது தப்பாப் போச்சு. தவளையாவே இருந்திருக்கலாம், பாட்டாவது வந்தது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டைம்கீப்பர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, சாப்பாட்டு மேஜை மேல் ஒரு சத்தம் வரும்படி வைத்தார். அண்ணி ஸ்விட்சை அணைத்தார், எழுந்தார், போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. அண்ணி கதவைச் சாத்தாமல் போனால் கோபம் எல்லை தாண்டிவிட்டது என்று வீட்டில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு.

மறுநாள் சாயங்காலம் என்னை இஸ்திரி மேஜைக்குக் கூப்பிட்டார். முகத்தில் லைசென்ஸ் சோதிக்கிறவர்களின் களை.

"உன் வரிசையோட முதல் சுரத்தைப் பாடு."

"சுருதி குடுங்க அண்ணி."

"குடுக்காமப் பாடு."

முடியவில்லை. பாட்டு முழுக்கத் தெரியும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அண்ணி பழையபடி சி, ஈ, ஜி கொடுத்தார். நான் தொடங்கிவிட்டேன். நிறுத்தச் சொல்லிவிட்டு ஜி, சி, ஈ கொடுத்தார். அதற்கும் நிம்மதியாகத் தொடங்கினேன்.

"இப்ப நீ பாடினது வேற சுரம்டா."

"இல்லையே. கீழ இருக்கிறதுதானே நம்மது."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அண்ணியின் கை எத்தனையோ வருஷமாக ஒரே உருவத்தில் இருந்ததால் கீழே கேட்பது கீழ் வரிசைக்கு, நடுவில் கேட்பது நடு வரிசைக்கு, உச்சியில் கேட்பது மேல் வரிசைக்கு என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டுவிட்டோம். நேற்று அண்ணி ஆட்களை மாற்றி உட்கார வைத்தார். நாங்கள் ஆளைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தோம். எல்லோரும் அடுத்தவர் சுரத்தில் ஏறிக்கொண்டோம். மூன்றும் ஒரே கார்டின் சுரங்கள் என்பதால் முதல் சொல் அழகாகவே இருந்தது. அங்கிருந்து அவரவர் பழைய பழக்கப்படி ஒருவர் ஏற, ஒருவர் நிற்க, ஊர் ரெண்டுபட்டது.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நீங்க யாரும் பாடவே இல்ல. என் கையில தொங்கிட்டு வந்திருக்கீங்க. அத்தனை பேரும் ஃபுட்போர்டு கேஸுங்க. இதுல நான் தவளை."

டைம்கீப்பரிடம் போய் இதைச் சொல்லிவிடலாம் என்றேன். அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்வர்ஷன்னா என்னன்னு நான் கேட்டப்ப அவரு சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நீயும் வாயைத் திறக்காதே. திறந்தே, இந்த வீட்டுல உனக்குச் சாப்பாடு கிடையாது."

சாப்பாட்டை முன்னிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தைய கடைசி ஒத்திகை பென் டிரைவோடு நடந்தது. அண்ணி டிரைவர் சீருடையிலேயே வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். கீபோர்டு மூலையில் உறை மாட்டிக் கிடந்தது. டைம்கீப்பர் ஸ்பீக்கரை ஒரு தட்டு தட்டி ஓட விட்டார். ஸ்டுடியோக்காரர் நல்ல கைகாரர்தான். பட்டுப் போல ஒரு சி மேஜர் வந்தது. அவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? அழகுக்காக அதைப் புரட்டிப் போட்டிருந்தார்.

வழியெல்லாம், தேன். விளக்கெரிய, விபத்து.

டைம்கீப்பர் முதலில் ஸ்பீக்கரைக் குறை சொன்னார். அடுத்து ஹாலின் கூரையை. அதற்கடுத்து எங்கள் கீழ் வரிசையில் இரண்டு பேர் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார். அப்போது அவர் பார்த்தது என்னை. ஐந்தாறு முறை ஓட்டினோம். பென் டிரைவ் பதற்றமே இல்லாமல் ஒவ்வொரு முறையும் அதே பட்டுச் சத்தத்தையே கொடுத்தது. கடைசியில் நடு வரிசையிலிருந்த டிக்கெட் கவுண்டர் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் கவுண்டருக்குள்ளிருந்து பேசியே பழகியவர், பக்கத்தில் நிற்பவரிடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத்தான் பேசுவார்.

"சார், அந்தப் பொண்ணு எப்பவும் குடுக்குமே, அதைக் குடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வீட்டுக்குப் போறேன். அடுப்புல வேலை கெடக்கு."

எல்லோரும் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி எழுந்து வந்தார். உறையைக் கழற்றினார். உட்காராமல் நின்றபடியே மூன்று வடிவத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கி, எந்த வரிசை எங்கே தொற்றிக்கொள்கிறது என்று எங்களையே பாட வைத்துக் காட்டினார். பாடப் பாட எல்லோர் முகத்திலும் தெரிந்தது, திருடும்போது விளக்கைப் போட்ட மாதிரி.

"நான் குதிச்சேன். ஒத்துக்கறேன். குதிக்காமப் போக வழியிருக்குன்னு தெரிஞ்ச ஆளு, வழியைச் சொல்லாம பேரை வெச்சாரு. இப்ப நான் வழியைக் கத்துக்கிட்டேன். உங்களுக்குத்தான் உங்க சுரம் தெரியலை."

டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார். பிறகு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி, பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு என்ற ஒன்று அந்த மூக்கு வழியாகவும் வரவில்லை, வாய் வழியாகவும் வரவில்லை. "சரி சரி, ஆரம்பிக்கலாம், நேரமாகுது" என்றார். வண்டிகளுக்குச் சொல்வது போலவே.

விழா நன்றாக நடந்தது. புது பஸ் நிலையத்தில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. அண்ணி முதல் கார்டை மட்டும் எங்களுக்காகப் பழையபடி கொடுத்தார். நாங்கள் ஏறிக்கொண்டதும் கை மெல்ல நகரத் தொடங்கியது. பாட்டு முடியும்வரை அது கட்டைகளின் மேல் ஒரு சாண் அளவுக்குள்ளேயே இருந்தது. எங்கள் குரலுக்குக் கீழே ஒலி அறுபடாமல் ஓடியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி, பாட்டு முடிந்ததும் மேடைக்கே வந்தார். கீபோர்டு எவ்வளவு இழைவாக இருந்தது என்று பாராட்டினார்.

டைம்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "எல்லாம் இன்வர்ஷன் சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அண்ணி பக்கத்திலேயே, கீபோர்டு வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்த பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. விரல்கள் வெளுக்கும்வரை சுற்றினார். வீட்டுக்குள் போனபோதும் கதவைச் சாத்தவில்லை. அண்ணன் பயந்துபோய் பழுதாகாத மிக்சியையும் பழுது பார்த்தான்.

அடுத்த ஒத்திகை நாள். டைம்கீப்பர் உற்சாகமாக இருந்தார். அதிகாரி கை குலுக்கியதை டிக்கெட் கவுண்டர் அக்காவுக்கு இரண்டாவது முறையாகச் சொல்லி முடித்துவிட்டு, தொடங்கலாம் என்று கையசைத்தார். அண்ணி மெதுவாக, வெகு அழகாக, ஜி, சி, ஈ கொடுத்தார்.

எங்கள் எல்லோருக்கும் இப்போது விவரம் தெரியும். தெரிந்து என்ன? சொந்தமாகச் சுரம் எடுக்க ஒருவருக்கும் வராது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் பாடவில்லை.

"என்னம்மா இது?" என்றார் டைம்கீப்பர்.

"இன்வர்ஷன் சார். நீங்க சொல்லிக் குடுத்தது. எந்த வரிசைக்கு எது முதல் சுரம்னு நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க."

அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டார். டைம்கீப்பர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு ம்ம் போட்டார். டிக்கெட் கவுண்டர் அக்கா தலையை ஆட்டி இல்லை என்றார். இன்னொரு ம்ம். அதுவும் இல்லை. மூன்றாவது ம்ம் வெளியே வரவே இல்லை.

"டிரைவரம்மா, கொஞ்சம் சுருதி குடுங்களேன்."

அவர் அண்ணியை அப்படிக் கூப்பிட்டதும் அதுதான் முதல் முறை, ங்க போட்டதும் அதுதான் முதல் முறை. அண்ணி அதற்கெல்லாம் மசியவில்லை.

"எந்தக் கையால சார்? நீங்க சொல்லிக் குடுத்த கையாலயா, தவளைக் கையாலயா?"

ஒருவரும் இருமக்கூட இல்லை. நானும்தான். டைம்கீப்பர் கூரையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். பிறகு மூக்கின் உதவியே இல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"ரெண்டும் நீங்க கத்துக்கிட்டதுதான். எதுலயாவது குடுங்க."

அண்ணி கோபம் தணிந்து கொடுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சி, ஈ, ஜி மூன்றையும் ஹாரன் அடிப்பது போல அடித்தார். நாங்கள் அத்தனை பேரும் தொற்றிக்கொண்டோம்.